சர்வருக்கு ராகு காலம்

சர்வர் பார்க்கிற தொழிலில் இயந்திரத்துக்கு வைத்தியம் செய்வது சுலபம், அதன் சொந்தக்காரருக்குத்தான் மருந்து கிடையாது. இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும், சகபாடிகளே, ஊர் மட்டும் வேறாக இருக்கும். என் வீடு தருமபுரம். வாடிக்கை, திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ். அங்கே அறை புக்கிங் எல்லாம் இரண்டு சர்வர்களில் ஓடுகிறது.

மஞ்சள்

ரிசப்ஷனில் இருக்கும் கலைவாணி போன் செய்தாள். "அண்ணே, ஒரு சர்வர்ல மஞ்ச வெளக்கு எரியுது. இன்னொரு தடவ கவுண்டர் நின்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். சர்வருக்குள் சர்வீஸ் பிராசஸர் என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. சர்வர் தூங்கினாலும் அது தூங்காது. அதன் மெனுவில் பார்த்தால், இரண்டு பவர் சப்ளையில் யூ.பி.எஸ்ஸில் மாட்டியது செத்துக் கிடந்தது. நேர் கரண்டில் மாட்டிய இன்னொன்றில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்றேன். மேனேஜர் சேது மெனுவை எட்டிப் பார்த்தார். எச்சரிக்கை விளக்கை அணைக்கவும் அதில் ஒரு வரி இருப்பது அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. "பவர் சப்ளை மெதுவா வாங்கிக்கலாம் தம்பி, மொதல்ல அந்த வெளக்க அமத்துங்க." அமர்த்தினேன்.

நீலம்

பின்பக்கம் போய் நின்றால் எது எந்த சர்வர் என்று தெரியாது. அடையாளத்துக்காக சர்வரில் ஒரு நீல விளக்கு உண்டு, மெனுவிலிருந்தே ஏற்றலாம். ஏற்றினேன். சேது செருப்பைக் கழற்றிவிட்டார். நீலம் சனீஸ்வரனுக்கு உகந்ததாம், அணைக்கக் கூடாதாம். ஒன்றில் மட்டும் எரிந்தால்தான் அடையாளம் என்று விளக்கிப் பார்த்தேன். சர்வருக்குச் சந்தனம் வைத்தபடியே சொன்னார்: "ரெண்டுலயும் போட்டு வுடுங்க தம்பி. ஒன்னுக்கு மட்டும் போட்டா இன்னொன்னு கோச்சுக்கும்."

ராகு காலம்

கரண்ட் போய்த் திரும்பினால் சர்வர் தானாகக் கிளம்பும்படி மெனுவில் வைத்திருந்தேன். இது தெரிந்ததும் சேதுவின் முகம் மாறியது. ராகு காலத்தில் கிளம்பித் தொலைத்தால்? அதை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். இனி நேரம் பார்த்து அவரே பட்டனை அமுக்குவாராம். சனிக்கிழமை காலைக் கூட்டமே ராகு காலத்தில்தானே வருகிறது என்று கலைவாணி கேட்டாள். "நீ கவுண்டர பாரும்மா, கெரகத்த நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை

நடந்ததும் அதுதான். கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. யூ.பி.எஸ் பக்கம் செத்துக் கிடக்கிறதே, சர்வர் படுத்துவிட்டது. குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வந்தவர்கள் கவுண்டரை மொய்த்தார்கள். சேதுவோ ராகு காலம் முடியட்டும் என்று பட்டனுக்குக் காவல் நின்றார். கலைவாணி அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். நான் கோட்டுச்சேரியில் இருந்தேன். போனிலேயே மெனுவைத் திறந்து சர்வரைக் கிளப்பினேன்.

யாரும் தொடாமல் கிளம்பியதைப் பார்த்து சேது விழுந்து கும்பிட்டாராம். கிளப்பியது சனீஸ்வரன், நிறுத்தியது கலைவாணிக்கு நடக்கும் ஏழரை என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார். கிளப்பியது நான், நிறுத்தியது பவர் சப்ளை என்று நான் முதலாளிக்குப் போன் செய்தேன். சாமி விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று வைத்துவிட்டார். அன்று மாலை அவர் கலைவாணியைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "ஏழர முடிஞ்சதும் வந்து சேந்துக்கம்மா, வேல எங்கயும் போயிடாது."

மஞ்சள் விளக்கையும் அதைப் பார்த்துச் சொன்னவளையும் அகற்றியாகிவிட்டதால், லாட்ஜில் இப்போது ஒரு பழுதும் இல்லை.