கம்பளத்துக்குத் தண்ணீர் தெளித்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் நடந்தது இது. நான் மைக்செட் தொழில் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் எதுவானாலும், என் பாக்ஸ் கத்தினால் மூன்று ஊருக்குக் கேட்கும் என்று மார்தட்டிக்கொள்கிற ஆள்.

அந்த முறை என்னைக் கூப்பிட்டவர் ஓர் ஓவியர். ஈரானில் பிறந்து, அங்கே இருக்க முடியாமல் கனடாவில் குடியேறிய பெண்மணி. மதுரையில் ஒரு கல்லூரிக்கு வந்தவர், எங்கள் காட்டைப் பார்த்ததும் தன் ஊர் மாதிரியே இருக்கிறது என்று கொஞ்ச நாள் இங்கேயே தங்கிவிட்டார். இந்தக் கருவேலங்காட்டுக்கு ஆசைப்படவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு. அவர் பேசுவதை அவருடைய செல்போன் தமிழில் சொல்லும். அதுவும் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தத் தமிழ்!

பன்னிரண்டு நாள் வெயிலில் குத்தவைத்து, கரிசல் மண், செவல் மண், சுண்ணாம்பு, கரித்தூள் எல்லாவற்றையும் கையாலேயே தூவி, கோலம் மாதிரி கண்மாய்த் தரையில் ஒரு கம்பளம் வரைந்தார். கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். நடுவில் ஒரு குளம், அதிலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால், ஓரமெல்லாம் பூவும் மரமும் பறவையும். சனிக்கிழமை சாயங்காலம் ஊர்ச்சனம் பார்க்க வரும். அப்போது அவர் ஊர் இசையை நான் போட வேண்டும்.

அன்று காலை நான் முதலில் போய்விட்டேன். காற்று ஒரே புழுதி. எங்கள் பக்கம் விசேஷம் என்றால் முதல் வேலையே புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பதுதான். கம்பளத்து மண்ணும் ஓரத்தில் பறக்க ஆரம்பித்திருந்தது. நனைத்தால் ஒட்டிக்கொள்ளுமே என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன்.

தண்ணீர் டேங்கர் ஒன்றை வரவழைத்து, அதன் டிரைவரிடம், "ஏலே, சுத்தி நல்லா நனைச்சுவிடு. அது மேலயும் லேசா அடி. அவுக வாரதுக்குள்ள முடிச்சிரணும்" என்று சொல்லிவிட்டு வயர் இழுக்கப் போய்விட்டேன். லேசாக என்றால் டேங்கர் குழாய்க்குத் தெரியுமா? திரும்பி வந்து பார்த்தால் பூவும் பறவையும் சேறாகக் கிடக்கின்றன.

அந்த அம்மா வந்தார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ சொன்னார். செல்போன் சொன்னது: "நடுவில் இருந்தது என் ஊர் மண். அங்கே நான் திரும்பிப் போக முடியாது."

தன் அப்பா இறந்ததற்குக்கூடப் போக முடியாதவர். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு டப்பா மண்ணை இத்தனை வருடம் வைத்திருந்து, அந்தக் குளத்தில் தூவியிருக்கிறார். அதைத்தான் நான் கரைத்துவிட்டேன். "தாயி, தெரியாமப் பண்ணிட்டேன் தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதுவிட்டேன்.

திடீரென்று அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. எறும்பு ஊர்வதையும் வேர் அசைவதையும் பதிவு செய்ய மண்ணுக்குள் சின்னச் சின்ன மைக்குகளைப் புதைத்திருந்தாராம். முந்தின ராத்திரி அவர் போட்டுவிட்டுப் போன ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவைத் திருப்பிப் போட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கண்ணை மூடினார். பிறகு எழுந்துவந்து அதை என் காதில் வைத்தார்.

முதலில் தண்ணீர் விழுகிற சத்தம். அப்புறம், நாள் முழுக்க வெயிலில் உழுத மாடு தொட்டியில் வாய் வைத்த மாதிரி, உறிஞ்சுகிற சத்தம். அடியில் எங்கேயோ மொறுமொறுவென்று மண் நெகிழ்கிறது, குமிழ் விடுகிறது, மறுபடி குடிக்கிறது. பிறந்ததிலிருந்து மிதித்து நடக்கிற மண் ஐயா! அதற்கு இப்படி ஒரு தாகம் இருப்பதை அன்றுதான் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். செல்போன் சொன்னது: "எங்கள் ஊரில் கம்பளம் என்றால் தோட்டம். இதுவரை யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை."

சாயங்காலம் இசை வேண்டாம் என்றுவிட்டார். முந்தின நாள் எடுத்த கம்பளத்தின் படத்தை, கரை மேலிருந்து புரொஜக்டரில் அந்த ஈர மண் மீதே விழவைத்தார். பூவெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தது. மண்ணின் சத்தத்தை மட்டும் பாக்ஸில் விட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஊர்ச்சனம் சுற்றி நெருங்கி நின்றது. பருத்திக்காட்டு வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஒரு பெண், "யாத்தே, மண்ணு குடிக்கிற சத்தமாய்யா இது? நம்ம கண்மாயா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் நின்றவர்களும் கழற்றினார்கள்.

மறுநாள் கிளம்பும்போது, நடுவிலிருந்த ஈர மண்ணில் ஒரு கை அள்ளி அதே டப்பாவில் போட்டுக்கொண்டார். இப்போது அதில் எது அவர் ஊர், எது என் ஊர் என்று யாராலும் பிரிக்க முடியாது. மிச்சம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஐப்பசியில் அதன் மேல் கண்மாய்த் தண்ணீர் நின்றது.

நான் இன்னமும் மைக்செட்காரன்தான், என் பாக்ஸ் இன்னமும் மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால் விசேஷ வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்தால், மண் குடித்து முடிக்கிறவரை பாட்டுப் போட எனக்குக் கை வருவதில்லை.