லாக்கரில் மண்டியிட்டவன்

படப்பையில் கம்பெனி பஸ் ஏறினால் என் பக்கத்து சீட் அவருக்குத்தான். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர்; ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. போனில் கேம் ஆடும்போது அதில் வருகிறவர்கள் பேசுவதை ஒரு வரி விடாமல் உதடசைத்து வாசிப்பார். நான் பேச்சு வந்தாலே ஸ்கிப் அமுக்குகிற ஆள். இதுவரை யாரை எதற்காகச் சுட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்த கேமில் அக்காவுக்காகப் பழிவாங்கக் கிளம்பிய தம்பியாக ஆடுகிறார் அவர். அக்காவை வீட்டோடு கொளுத்திய தளபதி கடைசியில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். பட்டனை அமுக்கினால் தலை போய்விடும். இவரோ ஒரு வாரமாக அமுக்கவில்லை.

“இன்னாப்பா, போட்டுத் தள்ளிட்டுப் போய்க்கினே இருக்க வேண்டியதுதானே?”

“கொன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்லா அண்ணே. இப்பப் பாருங்க, ஷிப்டு முழுக்க லாக்கர்ல முட்டி போட்டுக் கெடப்பான்.”

கம்பெனிக்குள் போனுக்கு அனுமதி இல்லை. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. அதே கேமை இறக்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்து, மறுநாள் பெருமையாகச் சொன்னேன்.

“உன் ஆளை நான் முடிச்சிட்டேன்.”

“சாகும்போது அக்காவப் பத்தி என்ன சொன்னான்?”

“ஸ்கிப் பண்ணிட்டேன்பா.”

“அப்ப அது பழி இல்லண்ணே, வெறுங் கொலை,” என்றவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

அவமானத்தில் முதலிலிருந்து ஆடினேன், வரிவரியாக வாசித்து. வீடு எரிந்த அன்றும் தம்பிக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுத்தான் அந்த அக்கா கதவைத் தாழிட்டிருக்கிறாள். தளபதி இப்போது என் போனிலும் கெஞ்சுகிறான். அவர் வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டார். தன் தளபதியை எப்போது கொல்லப்போகிறார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அது தெரியும்வரை என்னுடையவனும் லாக்கரில் முட்டி போட்டே கிடப்பான்.