யானைக்காகப் பிறந்த இரட்டையர்

ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. சேர்க்கத் தவறும் பெற்றோரை முதலில் எச்சரிக்க வேண்டும், அதையும் மதிக்காவிட்டால் வழக்குத் தொடர வேண்டும் என்று கீழே இன்னும் சில வரிகள் உண்டு. யானையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விதியை எழுதியவர் உருத்திரபுரம் பக்கம் வந்திருக்க மாட்டார்.

குடியேற்றத்திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் அங்கே வந்தபோது அக்காவுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்று. பாடசாலைக்கு வாய்க்கால் கரையால் நடந்து போக வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு. அப்பா முதல் கிழமையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தனிச்ச பிள்ளையை அனுப்ப ஏலாது. தம்பி நடக்கட்டும். பிறகு ரெண்டும் ஒண்டாப் போகட்டும்."

குடியேற்றத்தில் அநேகமான தகப்பன்மார் இதே முறையைத்தான் பின்பற்றினார்கள். தனியே வரும் ஒன்பது வயதுப் பிள்ளையை மிதிக்கிற யானை, மூக்கு வடியும் ஐந்து வயது ஒன்று துணைக்கு வந்தால் வழிவிட்டு நிற்கும் என்பது நம்பிக்கை. யானையிடம் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நான் வளரும்வரை அக்கா நான்கு வருடம் காத்திருந்தார்.

ஆகவே எங்கள் முதலாம் வகுப்பில் பால்பல் விழாதவர்களும் இருந்தார்கள், குரல் உடைந்தவர்களும் இருந்தார்கள். கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒருவர் விடிய எழும்பி வயலை உழுதுவிட்டு வருவார். அவரை வாத்தியாரே 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டார்.

தலைமையாசிரியர் விதி தெரிந்தவர். ஒன்பது வயதுப் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்த்தால் இவ்வளவு நாளும் ஏன் சேர்க்கவில்லை என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதுவதைவிடப் பிறந்த திகதி எழுதுவது சுலபம். என் திகதியையே அக்காவுக்கும் போட்டார். இரட்டையராகப் பிறந்தோம். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

நான்காம் வகுப்பில் இருக்கும்போது பாடசாலையைச் சோதிக்க வித்தியாதரிசி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இரட்டையோ?"

"ஓம் சேர்," என்றார் தலைமையாசிரியர்.

"தம்பி அவவின்ரை இடுப்புக்குத்தானே வாறார்?"

"பெடியன் சாப்பாட்டிலை கள்ளன், சேர். ஒழுங்காத் தின்னான்."

கடைசி வாங்குக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இருமினார். வித்தியாதரிசி திரும்பினார்.

"நீங்கள் எந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள்?"

"இல்லை ஐயா, நானும் நாலாம் வகுப்புத்தான்."

வித்தியாதரிசி 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் வகுப்பில் இந்தத் திருப்தி செல்லுபடியாகவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கேட்டார்கள். சித்தியடைந்தால் வெளியூர்க் கல்லூரியில் படிப்பும் விடுதியும் இலவசம். இல்லாவிட்டால் வயல். வகுப்பில் முதலாம் பிள்ளை அக்கா. எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். சாட்சிப்பத்திரத்தின்படி அவர் வயதெல்லையைத் தாண்டியிருந்தார்.

பிழை பிள்ளையினுடையது அல்ல, தன்னுடையதும் யானையினுடையதும் என்று அப்பா மனு எழுதினார். மனு உரிய வழியூடாகப் போக வேண்டும். உருத்திரபுரத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பாதைகளில் மிக நீளமானது அதுதான். 'தங்கள் கடிதம் கவனிக்கப்படுகிறது' என்று ஓர் அட்டை வந்தது. நினைவூட்டல் அனுப்பினோம். அதே அட்டை மறுபடியும் வந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் அக்கா பென்சிலைச் சீவி என் கையில் தந்தார்.

"நீ போடா. இரட்டையிலை ஒண்டாவது பாஸ் பண்ணட்டும்."

"உங்களுக்கும் பதில் வரும் அக்கா."

"வரும், வரும். யானையும் வரும்."

நான் சித்தியடைந்தேன். அக்கா வயலுக்குப் போனார். பதினேழு வயதில் கலியாணமாகிக் கண்டாவளைக்குப் போனார். அப்பா மட்டும் ஒவ்வொரு தையிலும் தவறாமல் ஒரு நினைவூட்டல் அனுப்பினார்.

"இனி ஆருக்கு எழுதுறியள்? விடுங்கோவன்," என்பார் அம்மா.

"அவளைப் பிடிச்சு வைச்சது நானெல்லோ," என்பார் அப்பா.

பத்து வருடம் கழித்துப் பதில் வந்தது. விசேட காரணங்களைக் கருத்திற்கொண்டு மேற்படி மாணவிக்கு வயதெல்லையில் தளர்வு வழங்கப்படுவதாகவும், அடுத்துவரும் பரீட்சைக்கு அவர் தோற்றலாம் என்றும் எழுதியிருந்தது. முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டாவளைக்குச் சைக்கிள் மிதித்தார். அக்கா வீட்டில் இல்லை. மூத்த மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அடுத்தது கைக்குழந்தை. அது நடக்கும்வரை காத்திராமல், அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவளைப் பாடசாலையில் சேர்க்கத் தானே நடந்து போயிருந்தார். அன்று 1969 தை மாதம், புதிய தவணை தொடங்கிய முதல் நாள்.