கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அம்மா

அன்று சைதாப்பேட்டை மெட்ரோவுக்குப் போனது நானும் அம்மாவும்தான். அந்தச் சுரங்கம் தோண்டியபோது மண் அள்ளிய அப்பா வரவில்லை. "தோண்டும்போதே பாத்துட்டேன், போடா" என்றுவிட்டார்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் இரண்டு டிக்கெட்டும் என் போனில் இருந்தன. அம்மாவை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் காட்டப் படமெடுத்தேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. பஸ்ஸைத் தட்டி நிறுத்துவதுபோல் கண்ணாடியைத் தட்டினேன்; ரயில் போய்விட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கையில் போனும் இல்லை.

பதறிக்கொண்டு பின்னால் வந்த ரயிலில் அடுத்த நிலையமான நந்தனத்துக்குப் போனேன். நல்லவேளை, அம்மா அங்கேயே இறங்கி நின்றிருந்தார்.

"போட்டோ எடுத்துக்கினு நின்னியே நைனா! டிக்கெட்டு இல்லாம நான் எப்டி வெளிய போவேன்?" என்றார்.

இப்போதெல்லாம் அவர் டிக்கெட்டைக் காகிதத்தில் வாங்கி அவர் கையிலேயே கொடுத்து, சேர்ந்துதான் ஏறுகிறேன். அன்று அவர் மறுபடி ரயிலேற மறுத்துவிட்டதால், அந்த ஒரு படத்துக்காக ஆன ஆட்டோச் செலவு நூற்றைம்பது ரூபாய்.