மலையை ஒரே வேகத்தில் சுற்றிய பேண்ட்

போன வாரம் ஒரு போன். "நான் யோனாஸ். செங்கம் ரோட்டுல தங்கியிருக்கேன். ஏழுமலை நல்லா இருக்கானா?"

ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிற குரல். கண் கலங்கிவிட்டது — எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் ஒரு சைகடெலிக் ஃபோக் ராக் பேண்டில் இருந்தவன் என்றால் நம்புவீர்களா? பெயர் 'வெறுங்கால்'. ஜெர்மனியிலிருந்து திருவண்ணாமலைக்குத் தியானத்துக்கு வந்து, ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கிவிட்ட யோனாஸ் எலக்ட்ரிக் கிடார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (நிலக்கடலைதான்) பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை ஏழுமலை பம்பை மேளம், பாட்டு. நான் தம்பூரா. நாலு தந்தி, ஒரே வேலை...

அது என்ன மாதிரி இசை? கண்ணை மூடிக் கேட்டால் மலை லேசாக மிதக்கும். கஞ்சாவா என்று கேட்காதீர்கள். சுக்கு காபிதான்.

எங்களிடம் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி கிடையாது. செவ்வாய்தோறும் விடியலில் மூவரும் கிரிவலம் போவோம். நிறைமாத கர்ப்பிணி போல நடக்க வேண்டும் என்பார்களே, அந்த நடைதான் எங்கள் தாளம். நாலு வருடம் சேர்ந்து நடந்ததில் அவர்கள் இருவரின் கால்களும் ஒரே கடிகாரமாகிவிட்டன. பாட்டு இருபத்திரண்டு நிமிடம் ஓடும். கஃபேயில் கேட்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

சென்னைக் கம்பெனி ஒன்று, நாலு நிமிடமாக வெட்டினால் வெளியிடுகிறோம் என்றது. யோனாஸ் சரி என்றான்.

"பாதி மலை சுத்திட்டு ஆட்டோ ஏறி வூட்டுக்குப் போவியா?" என்றான் ஏழுமலை. "பாதியில நிக்கிறவன் என்கூட வாசிக்க வேணாம்."

யோனாஸ் ஊருக்குப் போனான். ஏழுமலை வேன் ஓட்டப் போனான். பேண்டின் வரலாறு அவ்வளவுதான்.

போன வாரம் அந்த யோனாஸ்தான் வந்திருந்தான். போன் செய்த மறுநாள் மதியம் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தான். ஏழுமலை வீட்டு வாசலில் போய் நிற்கத் தயக்கம். அடி அண்ணாமலையில் குடியிருக்கும் ஏழுமலைக்கோ பழைய வீறாப்பு. செவ்வாய் தவறாமல் இன்னமும் மலை சுற்றுகிறான், வழியில் எங்கும் உட்காராமல். மறுநாள் செவ்வாய். நான் புத்திசாலித்தனமாக இருவரிடமும் சொன்னேன்: "காலையில அஞ்சு மணிக்கு அவங்கவங்க இடத்துலேர்ந்து நடங்க. வழியில பாத்துப்பீங்க."

குபேர லிங்கம் பக்கம் சுக்கு காபிக் கடையில் காத்திருந்தேன். ஏழுமலை தனியாக வந்தான்.

"இன்னா, அவனைக் காணோம்?"

"பின்னாடி வருவான்."

"எவ்ளோ பின்னாடி?"

அப்போதுதான் உறைத்தது. கிரிவலத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுகிறோம்? இவன் கிளம்பியது அடி அண்ணாமலையில், அவன் பல கிலோமீட்டர் பின்னால் செங்கம் ரோட்டில். இருவருக்கும் ஒரே நடை. நாள் பூராவும் சுற்றினாலும் நடுவில் இருக்கும் தூரம் ஓரடி கூடக் குறையாது.

"உனக்குத் தம்பூராவே ஜாஸ்தி" என்றான் ஏழுமலை.

"திரும்பி நடந்து போயேன்."

"மலையை எதிர்ப்பக்கமா சுத்தச் சொல்றியா?"

"அப்ப நில்லு. மதியம் போயிடுவான்."

ஏழுமலை நாலடி நடந்தான். பிறகு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். மேகம் இறங்கி மலையே காணாமல் போனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஏழுமலையின் விரல்கள் தொடையில் அந்த இருபத்திரண்டு நிமிடப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதில் கிடாரும் கேட்டது... சத்தியமாகக் கேட்டது.

யோனாஸ் வந்தான். தலை நரைத்திருந்தது. பெஞ்சைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஏழுமலை... நீ நின்னுட்டியா?"

"கால் வலிச்சுது."

வாராவாரம் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவனுக்குக் கால் வலியாம். யோனாஸ் நம்பினான். நானும் நம்பினேன். மீதிப் பாதையை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். நான் வழக்கம்போல் பின்னால்.

ஒரே தாளத்தில் நடப்பவர்கள் சந்திக்க வேண்டுமென்றால், ஒருவராவது தாளம் தப்பியாக வேண்டும்.