பதில் வேட்டு

கூடையில் மேலாக இருந்த பாலாடைக்கட்டியை எடுத்து யாகோதா மேசையில் வைத்தாள். பிறகு அதன் அடியில் ரொட்டித் துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். துணி விலகியதும் போலீஸ்காரன் வெசெலின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"பெரியம்மா, உள்ள குண்டு இருக்கா?"

"எனக்கென்ன தெரியும். நீதானே போலீசு."

கைத்துப்பாக்கியை எடுத்துப் பிரித்துப் பார்த்தான். இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் நிற்க வைத்தான். வெசெலின் அவள் கணவன் வழியில் பங்காளி வீட்டுப் பிள்ளை. அந்த ஸ்டேஷனில் யார் முன்னால் போய் நின்றாலும் ஏதோ ஒரு வழியில் பங்காளியாகத்தான் இருப்பான். அதனாலேயே அவள் முன்பு ஒருமுறை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தாள்.

"இது ராதுலே பெரியப்பாவோடது இல்ல?"

"ஆமா."

"நோவிட்சா சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"என் வீட்டுச் சாமான். என் கொழுந்தனுக்கு என்ன தெரியணும்? ஆயுதத்தைக் கொண்டாந்து குடுங்க, கேள்வி கேக்க மாட்டோம்னு ரேடியோவுல நீங்கதானே கத்துறீங்க?"

"கேக்க மாட்டேன்னது கவர்மெண்டு. நான் உங்க வீட்டுப் பையன், கேக்காம இருப்பனா?" என்று சிரித்தான். "பாலாடைக்கட்டியும் கவர்மெண்டுக்கா?"

"அது உனக்கு. வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு."

அவன் வாயை மூடிக்கொள்ள மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் துப்பாக்கி இனி வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் பால்ஷா வரும்போது இருக்காது. துணியைக்கூட மறந்துவிட்டு நிக்ஷிச் நகரத்துக் கடைத்தெரு வழியாக வேகமாக நடந்து பேருந்தைப் பிடித்தாள்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பால் வாளியோடு தொழுவத்துக்குள் போனவள், வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். அப்பாவின் துப்பாக்கி அவன் நெற்றிப்பொட்டில் இருந்தது. யாகோதா கத்தவில்லை. "பால் காய்ச்சணும். விறகு எடுத்துக்கிட்டு வா" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். முற்றத்தைக் கடக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் விறகோடு பின்னால் வந்தான். மறுநாள் அவனைக் கடலோரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஊரில் கேட்டவர்களிடம், ஓட்டல் சமையற்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். சொந்தக் கொழுந்தனிடமும் அதையேதான் சொன்னாள். பைத்தியம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அவர்கள் ஊரான லிபோவிக்கில் அவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் நிற்காது.

அவள் பிறந்ததும் இப்படி ஒரு மலை ஊரில்தான். நாலாவது பெண். மகன் பிறந்தால் வெடிக்க என்று அவள் அப்பா ஒரு பெட்டி துப்பாக்கி ரவை வாங்கி வைத்திருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் பதில் வேட்டு வைக்க ஆண்கள் தயாராக நின்றார்கள். இருட்டும்வரை சத்தம் எதுவும் வரவில்லை. பெண் என்று ஊர் புரிந்துகொண்டது. போய்ச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலேயே இருந்து, அவளுடைய கல்யாணத்தன்று சீதனத்தோடு மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. "உன் வீட்டிலயாவது செலவாகட்டும்" என்றாராம் அப்பா.

செலவாயிற்று. பால்ஷா பிறந்தபோது ராதுலே முற்றத்தில் நின்று ஒரு ரவை மிச்சமில்லாமல் சுட்டான். மலைக்கு மலை பதில் வந்தது. கீழ்த்தெரு தாம்யானின் ஓடு ஒன்று உடைந்தது. தாம்யான் உடைந்த ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து ராக்கியாச் சாராயம் குடித்துவிட்டுப் போனான். யாகோதா கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பிறப்புக்கும் சேர்த்துத்தான் சுடுகிறார்கள் என்று அப்போது தோன்றியது. வாழ்க்கையில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு பழைய ரிவால்வரும் தொங்கியது. ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ஒவ்வொருவனும் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று மன்னர் சொன்ன காலத்தில், ராதுலேயின் கொள்ளுத்தாத்தா உழவு மாட்டை விற்று வாங்கியது. அதைக்கொண்டு அவர் சுட்டது ஒரே ஒரு முறை, தன்னுடைய கால் கட்டைவிரலை. பிறகு ஆஸ்திரியாக்காரன் வந்து ஆயுதத்தைக் கொடு என்றான். இத்தாலிக்காரன் வந்து கேட்டான். அப்புறம் சொந்த அரசாங்கமே கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீடும் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றைப் புதைத்தது. மாட்டை விற்ற வருஷம் அந்த வீடு பட்டினி கிடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரிவால்வரைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்கு ரவை கிடையாது, சுத்தியலும் உடைந்துவிட்டது. அதனால் யாகோதா அதைத் தொடவில்லை.

பயப்படவேண்டியது ராதுலேயின் கைத்துப்பாக்கிக்குத்தான். லாரி கவிழ்ந்து அவன் செத்தபோது, சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் நோவிட்சா அதை அண்ணனின் இடுப்பிலிருந்து எடுத்து பால்ஷாவின் இடுப்பில் செருகினான். பையனுக்கு அப்போது மீசைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பால்ஷா வந்து இறங்கினான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். புகைபோட்ட பன்றித்தொடையை நோவிட்சா கொண்டுவந்திருந்தான். யாகோதா சோளக்களி கிண்டியிருந்தாள்.

"என்னடா, ஓட்டல் ஓட்டல்னு போனே, உனக்கு ஒரு வாய் சோறு போடலையா அவனுங்க?" என்றான் நோவிட்சா. "கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு."

"வந்தவனுக்குப் போடத்தான் சித்தப்பா நேரம் இருந்துச்சு."

"கை ஏன் நடுங்குது?"

"பாத்திரம் தேச்சு தேச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கை நடுங்கியது மாத்திரையால். பால்ஷா அம்மாவைப் பார்க்காமல் களியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

நோவிட்சா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "அண்ணி ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்தது ஊருக்கே தெரியும். நான் கோவப்படல. பொம்பளை தனியா இருந்தா பயம் வரும்தான். ஆனா என் அண்ணன் மகன் வெறும் இடுப்போட இந்த ஊர்ல நடந்தா, சிரிக்கறவன் என்னைப் பாத்துத்தான் சிரிப்பான்." தன் இடுப்பிலிருந்த துப்பாக்கியை உருவி முத்தமிட்டு, பால்ஷாவின் முன்னாலிருந்த ரொட்டிமேல் வைத்தான். "எனக்கு வீட்ல வேற இருக்கு. இது உனக்கு."

"எடுத்துக்கிட்டுப் போ, நோவிட்சா" என்றாள் யாகோதா.

"குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல அண்ணி."

"என் பிள்ளை கையில அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அவள் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். நோவிட்சா கெட்டவன் இல்லை. சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நாளைக் காலை அவன் மனைவி கிணற்றடியில் அதைச் சொல்வாள். பால்ஷா இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வெளியாள் மாதிரி காத்துக்கொண்டிருந்தான்.

"அதைப் பாத்தா அவங்கப்பா ஞாபகம் வருது" என்றாள்.

நோவிட்சாவின் கண் கலங்கிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "எனக்கு மட்டும் வரலையா அண்ணி" என்று அழுதான். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ ராதுலேயின் பெயரைச் சொல்லிக் கிளாஸை உயர்த்தினார்கள். கொழுந்தனின் தோளுக்கு மேலே அவள் பார்த்தபோது, பால்ஷா துப்பாக்கியில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. யாகோதா மாடு கறந்தாள். பால்ஷா மாத்திரை போட்டுக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. மாவுக் கையோடு ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் கழன்றுகொண்டது. பால்ஷா தொழுவத்து வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கும்மா இப்படி ஓடி வர்ற?"

அடுத்த வேட்டு கீழ்த்தெருவிலிருந்து கேட்டது. அதன் பிறகு வரிசையாகக் கேட்டன.

"தாம்யான் மாமா வீட்ல பேரன் பொறந்திருக்கான்போல" என்றான். அரிவாளை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தான். இடுப்பிலிருந்து எடுத்து வானத்தைப் பார்த்துக் காலியாகும்வரை சுட்டான். மேல்வீடுகளிலிருந்து பதில் வந்தது. திரும்பி வந்தபோது அவன் கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. கை நடுங்கவில்லை.

"நம்ம வீட்லேர்ந்து சத்தம் வரலைன்னா என்னன்னு கேட்டிருப்பாங்க" என்றான்.

அவள் செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவினாள். மத்தியானம் பிள்ளை பெற்றவளுக்கு ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை நல்ல எடை. தாம்யான் எல்லோருக்கும் ராக்கியா ஊற்றினான்.

சாயங்காலம் நோவிட்சா வந்தான். ஸ்டேஷனில் விட்டுவந்த ரொட்டித் துணியை வெசெலினின் மனைவி துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் ஒரு பெட்டி ரவையைச் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"காலைல எல்லாத்தையும் தீத்துட்டான்போல. எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்றான்.

பெட்டியை பால்ஷா வாங்கிக்கொண்டான். யாகோதா மறுநாளைக்கு மாவு பிசைந்து, அந்தத் துணியால் மூடி வைத்தாள்.