பெருநகரில் ஒரு டம்ளர் வெந்நீர்

என் இரண்டு கிட்னிகளில் ஒன்று இப்போது என் கணவர் வயிற்றில் இருக்கிறது. அதனால் அவர் வாயில் எது போனாலும் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆபரேஷன் முடிந்து பத்து மாதமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர், பொங்கலுக்காவது எங்கேயாவது போகலாம் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார். கூட்டம் கூடாது, காய்ச்சாத தண்ணீர் கூடாது, இருமுகிறவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாகும் வயிற்றுப்போக்கு, இவருக்கு வந்தால் வைத்த கிட்னிக்கே ஆபத்து.

என்னோடு வேலை பார்க்கும் செல்வி, உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற கிராமத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். மாட்டுப் பொங்கலன்று காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். பண்டிகை நாளில் அந்த நேரத்து ரயில் காலியாக ஓடும். செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே போனோம். அதற்குள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் பெருநகருக்கு ஆட்டோ பிடித்தோம். சுமார் பதினைந்து கிலோமீட்டர், நானூறு ரூபாய்.

"உனுக்கு பஸ்ஸுல ஃப்ரீதானக்கா, இன்னாத்துக்கு ஆட்டோ?" என்று கேட்டார் டிரைவர். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மனுஷன்.

"அவருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, கூட்டம் ஆகாது" என்றேன்.

"அப்ப மெதுவா ஓட்றேன்." சொன்னபடியே ஓட்டினார். இருபுறமும் அறுவடைக்கு நின்ற வயலைப் பார்த்து என் கணவர் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

டிரைவரிடம் சொன்னதை நான் செல்வியின் அம்மாவிடமும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். போன நேரத்தில் செல்வி வாழையிலை அறுக்கப் போயிருந்தாள். அவள் அம்மா கன்னியம்மா, ஊரில் நடவு வேலைக்குப் போகிறவர், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். நான் அவசர அவசரமாகப் பையிலிருந்து ஃபிளாஸ்க்கையும் எங்கள் டம்ளரையும் எடுத்து, "வேணாம்மா, எங்ககிட்டயே இருக்கு" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பரவால்லம்மா. ஒத்துக்காதவங்க குடிக்க வாணாம்" என்று சொம்போடு உள்ளே போய்விட்டார்.

"அவங்க முகத்தைப் பார்த்தியா?" என்றார் இவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவுக்கு வந்து தண்ணீர் வாங்காமல் போனவர்கள் கிருமிக்குப் பயந்தவர்கள் இல்லை, சாதி பார்த்தவர்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுப்படிக்கே போய்ச் சொன்னேன். "அம்மா, என் கிட்னியில ஒண்ண எடுத்து அவருக்கு வச்சிருக்காங்க. பச்சைத் தண்ணி குடிச்சா ஆஸ்பத்திரிதான். எங்க வீட்டுலயும் அவருக்கு வெந்நீர்தான்."

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னுத புடுங்கி அவருக்கு நட்டுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"நட்டத பொத்திப் பொத்தித்தான் பாக்கணும். மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் வேற மாரி நெனச்சிக்கினேன்."

தண்ணீர் அடுப்பில் ஏறியது. கூடவே தன் டம்ளர் ஒன்றையும் அதில் போட்டுக் கொதிக்கவிட்டார். ஆறியதும் என் கணவர் அந்த டம்ளரில்தான் குடித்தார், இரண்டு தடவை. செல்வி அறுத்து வந்த இலையில், பானையிலிருந்து ஆவி பறக்க இறக்கிய சோறு, மொச்சைக் குழம்பு. இருமிக்கொண்டே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைக் கன்னியம்மா வாசலிலேயே நிறுத்தினார். "உள்ள வராத, வூட்ல புது நடவு கீது." கரும்பை மட்டும் இவர் ஏக்கமாகப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். கரும்பு அங்கேயே இருந்தது.

திரும்பி வந்து இரண்டு வாரமாகிறது. காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. இவரைப் போன்றவர்களோடு கிளம்புகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், நறுக்கி வைத்த பழம் வேண்டாம், சோறு சூடாக இருக்கட்டும். தண்ணீரும் டம்ளரும் கொண்டு போங்கள், ஆனால் பையைத் திறக்கும் முன் வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

அந்த வீட்டுக்கு மட்டும் நாங்கள் இனி டம்ளர் கொண்டு போகப் போவதில்லை. கிளம்பும்போது கன்னியம்மா எங்கள் டம்ளரைக் கழுவித் தன் டம்ளர்களோடு அலமாரியில் கவிழ்த்துவிட்டார்.

"இது இங்கியே கெடக்கட்டும். அடுத்த தபா வெறுங்கையோட வாங்க."